ஓரிரவு இருக்கை

2023 ஜூலை 3, திங்கள்

காலை ஷிப்ட். ஒரகடத்தில் பஸ்ஸை விட்டு இறங்கினால் கேட்டில் பட்டியல் ஒட்டியிருக்கிறது. பதினேழு பேர். ஒன்பதாவது என் பெயர். ஆர்டர் குறைந்துவிட்டது, தேவைப்பட்டால் கூப்பிடுகிறோம் என்றார்கள். அடையாள அட்டையைக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். ஒன்பது வருஷமாகக் கழுத்தில் கிடந்த கயிறு. பஸ்ஸில் திரும்பும்போது கை அடிக்கடி நெஞ்சைத் தடவிப் பார்த்தது.

வீட்டில் சொல்லவில்லை. தக்காளி கிலோ நூறைத் தாண்டிவிட்டது என்றாள் மனைவி. தக்காளி இல்லாமலே குழம்பு வை என்றேன்.

ஜூலை 5, புதன்

இன்றும் விடியலில் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். கம்பெனி பஸ் வந்து நின்றது, போனது. நான் ஒரு கடையின் பின்னால் நின்றுகொண்டேன். பிறகு எங்கள் ஊர் மணிமண்டபம் பக்கம் போய் நிழலில் உட்கார்ந்தேன். பகல் நீண்டுகொண்டே போனது. பன்னிரண்டு மணிக்கு டப்பாவைத் திறந்தால் தயிர்சாதமும் இரண்டு மோர்மிளகாயும். வேலைக்குப் போகிறவனுக்காகக் கட்டிய சோறு. நாலு வாய்க்கு மேல் இறங்கவில்லை. மிச்சத்தைக் கொட்டவும் மனம் வரவில்லை.

ஜூலை 6, வியாழன்

சொல்லிவிட்டேன். சொல்லத் தேவையே இருக்கவில்லை. "ரெண்டு நாளா சட்டையில ஆயில் வாசனையே இல்லீங்க. நீங்களா சொல்லட்டும்னு இருந்தேன்" என்றாள்.

ராத்திரி தூக்கம் வராமல் எங்கள் ஊரின் கதையை நினைத்துக்கொண்டிருந்தேன். திருமழிசை ஆழ்வாரின் சீடர் கணிகண்ணன். பல்லவ மன்னன் தன் இளமை திரும்ப ஆழ்வாரைப் பாடச் சொன்னான். அது நடக்காது என்று கணிகண்ணன் மறுத்ததும் நாட்டை விட்டே போகச் சொல்லிவிட்டான். சீடனோடு ஆழ்வாரும் கிளம்பினார். அவர் சொல்லைக் கேட்டுத் திருவெஃகா பெருமாளும் பாம்புப் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு பின்னால் நடந்தார். மூவரும் ஓரிரவு தங்கிய இடம்தான் ஓரிரவு இருக்கை, ஓரிக்கை. மன்னன் வந்து மன்னிப்புக் கேட்க, மறுநாள் திரும்பினார்கள்.

சின்ன வயதில் இது எனக்குப் பெருமாளின் கதை. இன்று கணிகண்ணனின் கதையாகத் தெரிகிறது. வெளியே போ என்று சொல்லப்பட்டவன் ஒருநாளும் தனியாக நடக்கவில்லை. நானோ இரண்டு நாள் தனியாக நடந்துவிட்டேன்.

ஜூலை 8, சனி

பக்கத்து வீட்டு அக்கா வந்தார். ஸ்ரீபெரும்புதூர் நோக்கியாவில் வேலை பார்த்தவர். 2006இல் உற்பத்தி தொடங்கிய ஆலை அது. உச்சத்தில் சுமார் 8,000 பேருக்கு நேரடி வேலை கொடுத்தது. அதில் பெண்கள் ஏராளம். வரி வழக்கில் ஆலை முடங்கியதால், நோக்கியாவின் போன் தொழிலை வாங்கிய மைக்ரோசாஃப்ட்டிடம் அது போகவில்லை. 2014 நவம்பர் 1இல் உற்பத்தி நின்றது.

"அழுகையில ஒரு காகிதத்தைக்கூட நான் எடுத்து வைக்கல தம்பி. நீ எடுத்து வை" என்று நாள்காட்டித் தாளின் பின்பக்கம் எழுதினார்: சம்பளச் சீட்டு, பி.எஃப். எண், இ.எஸ்.ஐ. எண், அனுபவச் சான்று. எழுதியபடியே விளக்கினார். ஓராண்டு தொடர்ந்து வேலை பார்த்த தொழிலாளியை ஆட்குறைப்பில் நீக்கினால், 1947ஆம் ஆண்டு தொழில் தகராறு சட்டப்படி ஒரு மாத நோட்டீஸோ அதற்கான சம்பளமோ தர வேண்டும். அதோடு, முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம் இழப்பீடு. ஐந்தாண்டு முடித்தவருக்கு கிராஜுவிட்டி தனி. இ.எஸ்.ஐ.யில் அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா என்று ஒரு திட்டம் உண்டு. குறைந்தது இரண்டு ஆண்டு காப்பீட்டில் இருந்தவருக்கு, வேலையில்லாத காலத்தில் சராசரி தினக் கூலியில் பாதி, 90 நாள் வரை, வாழ்நாளில் ஒருமுறை.

மாதா மாதம் இ.எஸ்.ஐ. பிடித்தபோது அது மருந்துக்கு மட்டும் என்றே நினைத்திருந்தேன். திங்களன்று கம்பெனிக்குப் போய் எனக்குச் சேர வேண்டியதை எழுத்தில் கேட்கப்போகிறேன்.

ஜூலை 15, சனி

அப்பா தறிக்குழியில் இருந்தார். சேலை அறுத்தாகிவிட்டது, புதுப் பாவு வந்திருக்கிறது. ஆடி பிறக்கப்போகிறது, அதற்குள் பாவு கிடைத்ததே பெரிது. 2020 ஊரடங்கில் இந்தத் தறி மாதக்கணக்கில் நின்றது. பாவு வராத நாளெல்லாம் நெசவாளிக்கு வேலை போன நாள்தான். பட்டியல் ஒட்டுவதில்லை, அவ்வளவே. அந்த நாட்களில் அப்பா தறியைத் துடைத்து வைப்பார். துணி போட்டு மூடி வைத்ததே இல்லை.

பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். சேலையை அறுக்கும்போது பழைய பாவை முழுக்க உருவிவிடுவதில்லை. தறியின் விழுதிலும் பண்ணையிலும் கோத்தபடியே ஒரு முழம் மிச்சம் விடுகிறார்கள். விரலில் சாம்பல் தொட்டு, பழைய இழையின் நுனியையும் புது இழையின் நுனியையும் சேர்த்து ஒரு முறுக்கு. அடுத்த இழை. இப்படி ஆயிரக்கணக்கில். "எல்லாத்தையும் உருவிட்டா மறுபடி முதல்லேர்ந்து கோக்கணும்டா" என்றார் அப்பா. என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. இழையைப் பார்த்துத்தான் சொன்னார்.

ராத்திரி பயோடேட்டாவைத் திருத்தி எழுதினேன். 'ஆபரேட்டர், 9 ஆண்டு' என்று ஒரே வரியாக இருந்ததை விரித்தேன்: சி.என்.சி. செட்டிங், ஆஃப்செட் திருத்தம், மைக்ரோமீட்டர், டயல் கேஜ், இரண்டு கண்ட்ரோலர்களில் பழக்கம். இத்தனை இழை என்னிடம் மிச்சமிருப்பது எழுதும்போதுதான் தெரிந்தது.

ஜூலை 21, வெள்ளி

வேலைவாய்ப்பு முகாம். நாலு மேசையில் பயோடேட்டா கொடுத்தேன். மூன்றில் இருபத்தைந்து வயதுக்குள் ஆள் கேட்டார்கள். எனக்கு முப்பத்தெட்டு. வெளியே வந்ததும் பழைய ஷிப்ட் ஆட்கள் எல்லோருக்கும் போன் போட்டேன். வேலை போய்விட்டது, எங்கேயாவது இருந்தால் சொல்லுங்கள் என்று வாய்விட்டுக் கேட்டேன். முதல் அழைப்புக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. ஐந்தாவதற்குள் பழகிவிட்டது.

ஆகஸ்ட் 2, புதன்

போன் போட்டவர்களில் ஒருவர் சொல்லி, பாலாறு தாண்டி செய்யாறு சிப்காட்டில் டிரையல். டிராயிங்கைக் கையில் கொடுத்து மெஷினைக் காட்டினார்கள். ஓடும்போதே சத்தம் சரியில்லை. இன்செர்ட் முனை மழுங்கியிருந்தது. நிறுத்தி, மாற்றி, ஆஃப்செட் கொடுத்தேன். முதல் பீஸ் அளவுக்குள் வந்தது. சூப்பர்வைசர் இரண்டு முறை அளந்து பார்த்தார்.

ஆகஸ்ட் 7, திங்கள்

சேர்ந்துவிட்டேன். பழைய சம்பளத்தைவிட மூவாயிரம் குறைவு, தூரமும் கூட. கூட்டிக் கழித்துப் பார்த்தோம், சமாளிக்கலாம். சட்டையை மோந்து பார்த்து மனைவி ஒன்றும் சொல்லாமல் ஊறப்போட்டாள்.

எட்டு மணிக்கு ஒரு போன். பட்டியலில் பதினான்காவது பெயர், இருபத்துநாலு வயதுப் பையன். "அண்ணா, வீட்ல இன்னும் சொல்லல. டெய்லி பஸ் ஸ்டாண்ட்லதான் உக்காந்திருக்கேன்."

"அங்கேயே இரு. வரேன்" என்று வண்டியை எடுத்தேன்.