மேட்டில் முந்திரி, பள்ளத்தில் நாவல்

காரைக்குடிப் பக்கம் நிலம் சமமாகத்தான் தெரியும். ஊரணிக்கு வரத்துக்கால் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று பார்த்தால் சரிவு பிடிபட்டுவிடும். நூறடிக்கு மூன்றடி இறக்கம் போதும், ஐப்பசி மழை மேல்மண்ணை வழித்துக்கொண்டு போய்விடும்.

அதனால் பழத்தோட்டம் போடக் கூப்பிடுகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது கொத்தனாரின் தண்ணீர் டியூப். கன்றுப் பட்டியல் பிறகு. இரண்டு குச்சிகளில் ஒரே உயரத்தில் கோடு போட்டு, டியூபின் இரு முனைத் தண்ணீரும் அந்தக் கோடுகளில் நிற்கிற இடமாகப் பார்த்து முளை அடித்துக்கொண்டே போக வேண்டும். சரிவுக்குக் குறுக்கே வளைந்து வளைந்து ஒரு வரிசை வரும். கயிறு பிடித்த மாதிரி நேராக இல்லையே என்று வீட்டுக்காரர் முகம் சுளிப்பார். சுளிக்கட்டும். மேலிருந்து கீழாக நேர்வரிசை வைத்தால் அதுவே தண்ணீருக்கு ஓடைபோட்டுக் கொடுத்ததாகிவிடும்.

அடுத்தது குழி. மூன்றடி தோண்டுவதற்குள் சில இடங்களில் கடப்பாரை ‘ணங்’கென்று செம்பூராங்கல்லில் இடிக்கும். அங்கே குழி நிறையத் தண்ணீர் ஊற்றி மறுநாள் போய்ப் பார்ப்பேன். வற்றாமல் நின்றால் அது குழியல்ல, தொட்டி. எருவை எவ்வளவு கொட்டினாலும் அடைமழையில் வேர் அழுகும். கல்லை உடைத்துக் கீழ்ச்சரிவுப் பக்கம் வடிகால் திறக்க வேண்டும். முடியாவிட்டால் கன்றை இரண்டடி தள்ளி வைப்பதே மேல்.

மேட்டுச் சரளையில் முந்திரி, நெல்லி, சீத்தா. நடுச்சரிவில் மா, பலா. மாவுக்கு முப்பதடி இடைவெளி, கன்று சிறிதாயிருக்கிறதே என்று குறைக்கக் கூடாது. பலாவுக்குத் தண்ணீர் தேங்கவே ஆகாது. பள்ளத்தில் நாவலும் கொய்யாவும் தாக்குப்பிடிக்கும். வாழை வீட்டுக்குக் கிழக்கே: மேற்கேயிருந்து வரும் ஆடிக்காற்றை வீடு தடுக்கும், குளியலறைத் தண்ணீரும் பாயும்.

ஒவ்வொரு கன்றுக்கும் கீழ்ச்சரிவில் பிறைபோல் ஒரு வரப்பு அணைத்தால் மழைநீர் தூரில் நின்று இறங்கும். வரத்துக்காலை மட்டும் மறித்துவிடாதீர்கள். அது ஊர்த் தண்ணீர். ஆடியிலேயே குழி வெட்டி ஆறப்போடுங்கள். ஐப்பசியில் ஒரு நல்ல மழை இறங்கிய பிறகு கன்று வாங்கப் போனால் போதும்.