மின்காருக்கு மேல்சட்டை எது?

எங்கள் புதுச்சேரித் தெருக்களில் இப்போது மின்சாரக் கார்கள் அடிக்கடி கண்ணில் படுகின்றன. வாங்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது, ஒரு முறை சார்ஜ் செய்தால் எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்பதைத்தான். உப்புக் காற்றில் குடியிருக்கும் நாம் இன்னொன்றையும் கேட்க வேண்டும். அந்தக் காரின் மேல்தகடு எதனால் ஆனது?

பிரெஞ்சு மீடியத்தில் படித்த என் வயதுக்காரர்கள் இதைக் 'கரோசெரி' என்போம். நான் குமாஸ்தாவாக இருந்தபோது பழைய அரசு ஜீப்புகளைக் கண்டம் செய்யும் ஃபைல்கள் என் மேஜைக்கு வரும். எஞ்சின் இன்னும் ஓடும். ஆனால் தரைத்தகடு துருப்பிடித்து ஓட்டையாகியிருக்கும். கதவின் அடிப்பாகம் கையோடு வந்துவிடும். பல வண்டிகளைச் சாகடித்தது எஞ்சின் அல்ல, துருதான். மின்காரில் மோட்டாருக்குத் தேய்மானம் மிகக் குறைவு. பேட்டரியையும் மாற்றிக்கொள்ளலாம். ஆகவே அங்கே உடம்பு நெடுநாள் தாக்குப்பிடிப்பது இன்னும் முக்கியமாகிறது.

இன்னொரு காரணம் எடை. பெரிய மின்கார்களில் பேட்டரி மட்டுமே 400, 500 கிலோ வரும். அந்தப் பாரத்தை வேறு இடத்தில் ஈடுகட்டத்தான் கம்பெனிகள் எஃகை விட்டு வேறு பொருளைத் தேடின.

முதலில் அலுமினியம். ஒரே அளவுத் துண்டில் எஃகின் எடையில் மூன்றில் ஒரு பங்குதான். ஆனால் அவ்வளவு விறைப்பு இல்லாததால் தகட்டைத் தடிப்பாகப் போட வேண்டும். கடைசியில் சுமார் பாதி எடைதான் மிச்சமாகும். 2012-இல் வந்த டெஸ்லா மாடல் எஸ் பெரும்பாலும் அலுமினியம். விலையைக் குறைக்க வேண்டிய மாடல் 3-இல், 2017-இல், அதே கம்பெனி எஃகை நிறையச் சேர்த்தது. அலுமினியத்துக்குச் சிவப்புத் துரு கிடையாது. ஆனால் எஃகைத் தொட்டுக்கொண்டு உப்பு ஈரத்தில் இருந்தால் அலுமினியம் அரித்துப்போகும். நசுங்கினால் சாதாரண டிங்கர் பட்டறையில் தட்டி எடுப்பதும் சிரமம். தனிக் கருவிகள் வேண்டும்.

அடுத்து பிளாஸ்டிக். இதில் பிரெஞ்சுக்காரர்கள் முன்னோடிகள். 1968-இல் சித்ரோயன் கம்பெனி 'மெஹாரி' என்ற வண்டியை ஏ.பி.எஸ். பிளாஸ்டிக் உடம்போடு விற்றது. மெஹாரி என்றால் வேகமாக ஓடும் ஒட்டகம். நிறம் பிளாஸ்டிக்கிலேயே கலந்திருந்ததால் கீறினாலும் அசிங்கமாகத் தெரியாது. கடற்கரையில் துருவும் ஏறாது. வெயில்தான் அதன் எதிரி. வருஷக்கணக்கில் காய்ந்தால் நிறம் வெளுத்து, பிளாஸ்டிக் நொறுங்கும்.

நம் நாட்டிலும் 2001-இல் பெங்களூரில் வந்த ரேவா, எஃகுக் கூட்டின் மேல் ஏ.பி.எஸ். தகடுகள் பொருத்திய மின்கார். லண்டனில் அது ஜி-விஸ் என்ற பெயரில் ஓடியது. 2013-இல் பி.எம்.டபிள்யூ. ஐ3, பயணிகள் உட்காரும் கூட்டைக் கார்பன் நாரிலும் வெளித்தகடுகளைப் பிளாஸ்டிக்கிலும் செய்தது. கார்பன் நார் துருப்பிடிக்காது, எடையும் குறைவு. ஆனால் விலை அதிகம். உடைந்தால் கண்ட இடத்தில் பழுது பார்க்க முடியாது.

இங்கே ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். மோதலில் நம்மைக் காப்பது உள்ளிருக்கும் கூடு. மேல்தகடு சட்டை மாதிரிதான். பிளாஸ்டிக் சட்டை என்பதற்காக ஒரு காரைப் பயந்து ஒதுக்கவும் வேண்டாம், தடித்த தகடு என்பதற்காக நம்பி ஏறவும் வேண்டாம்.

அப்படியானால் பென்ஷன்காரர்களுக்கு எது? என் கணக்கில், துத்தநாகம் பூசிய நல்ல எஃகுதான். விலை கட்டுபடியாகும், எந்த ஊரிலும் பட்டி பார்த்துப் பெயிண்ட் அடிக்கலாம். கடல் பக்கம் இருப்பவர்கள் வாரம் ஒரு முறை அடிப்பாகத்தையும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். கதவின் அடியில் நீர் வடியும் துளைகள் அடைபடாமல் பாருங்கள். பழைய மின்கார் வாங்குபவர்கள் பேட்டரி ரிப்போர்ட்டோடு நிறுத்தாமல், வண்டியை மேலே தூக்கச் சொல்லி அடிவயிற்றையும் ஒரு முறை பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.