கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கம்

முகூர்த்த மாதம் முடிந்ததும் மதுரை வில்லாபுரத்தில் வீடு வீடாகப் போய்க் கல்யாணப் பத்திரிகை கேட்போம். "முடிஞ்ச கல்யாணத்துக்குப் பத்திரிகை என்னத்துக்குய்யா?" என்பார்கள் அத்தைமார்கள். "படிக்கிறதுக்குத்தான் அத்தை" என்றால் சிரிப்பு. பொய்யில்லை. அச்சில்லாத பின்பக்கத்தைப் போஸ்ட்கார்டு அளவுக்குக் கத்தரித்தால் நல்ல கெட்டி அட்டை தேறும். எம்.ஃபில். படிக்கிற பையனுக்குக் கடையில் குறிப்பட்டை வாங்கக் காசு ஏது? மூலையில் தடவிய மஞ்சள் அப்படியே இருக்கும். புறநானூற்றுக் குறிப்பைத் திருப்பினால் பின்னால் யாரோ ஒரு மாப்பிள்ளை, பி.காம்., அவனுக்குக் கீழே தாய்மாமன்மார் வரிசை.

அட்டைகளை அடுக்கி வைத்தது ஊதுபத்திப் பெட்டியில். உங்களுக்குத் தெரியாததா, அப்போதெல்லாம் நம்ம தெருவில் ஒரு திண்ணையில் ஊதுபத்தி உருட்டுவார்கள், அடுத்த வீட்டில் தறிச்சத்தம், அதற்கடுத்த மொட்டைமாடியில் வேட்டி விரித்து அப்பளம் காயும். தறி நின்றால் கரண்ட் போய்விட்டது என்று அர்த்தமில்லை, கைத்தறிதானே. நெய்கிறவர் சாப்பிட எழுந்திருக்கிறார் என்று அர்த்தம். அதை வைத்துத்தான் நானும் புத்தகத்தை மூடுவேன். அட்டைகளில் ஊதுபத்தி வாசம் ஏறிவிடும். நூலகத்தில் கட்டைப் பிரித்தால் பக்கத்து மேசைக்காரர் கோயிலுக்குள் வந்துவிட்டவர் மாதிரி நிமிர்ந்து பார்ப்பார்.

நெறியாளர் ஐயா பெயரைச் சொன்னால் உங்களுக்குத் தெரியும். சொன்னால் அவருக்குப் பிடித்திருக்காது, விடுவோம். அவர் வைத்த சட்டங்கள் கொஞ்சம்தான். ஓர் அட்டையில் ஒரு செய்தி. இடது மூலையில் தலைப்பு. வலது மூலையில் ஆசிரியர், நூல், பதிப்பு, பக்கம். நூலாசிரியர் சொன்னது நீல மையில், நாம் நினைத்தது பென்சிலில். இரண்டும் ஒரே அட்டையில் கலந்து கிடந்தால் பேசாமல் கிழித்துப் போடுவார். முதல் தடவை படிக்கும்போது பேனாவே கூடாது. படித்து முடித்துப் புத்தகத்தை மூடி, ஞாபகத்தில் நிற்பதை மட்டும் நாலு வரி எழுத வேண்டும். அப்புறம் திறந்து சரிபார்க்க வேண்டும். சரிபார்க்கிறபோதுதான் தெரியும், நூலாசிரியர் சொல்லாததை எல்லாம் அவர் வாயில் எப்படித் திணிக்கிறோம் என்று. படிப்பு என்றால் அங்கேதான் ஆரம்பம் என்பது அவர் கட்சி. என் கட்சியும் அதுதான்.

"எந்தப் பதிப்பு?" எதைக் கொண்டுபோனாலும் முதல் கேள்வி இது. முன்னுரையைப் படிக்காமல் பாட்டுக்குத் தாவியவனைப் பார்த்தால் ஐயாவுக்கு முகம் சுருங்கும். உ.வே.சாமிநாதையர் 1894இல் அச்சிட்ட புறநானூற்றை எடுத்து வைத்து, முகவுரையில் ஏடு கொடுத்தவர்கள் பெயர்களை ஒவ்வொன்றாக வாசிக்கச் சொல்வார். மடம், கவிராயர் வீடு, ஊர் என்று போய்க்கொண்டே இருக்கும். வாசித்து முடித்ததும் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்பார்: "ஏடு கொடுத்தவங்க பேரை ஐயர் மறைச்சாரா? நீ எதுக்குய்யா மறைக்கிறே?" களவு கூடாது என்று அவர் எங்களுக்கு எடுத்த பாடம் மொத்தமும் அவ்வளவுதான்.

தெற்குவாசல் பாலம் ஏறி இறங்கி, பஸ் மாறி, சிம்மக்கல்லில் இறங்கி நடந்தால் தமிழ்ச் சங்கம். 1901இல் பாண்டித்துரைத் தேவர் தொடங்கியது. 'செந்தமிழ்' இதழின் பழைய தொகுதிகளைத் தொட்டாலே விரல் நுனியில் பழுப்புத்தூள் ஒட்டும். 1910இல் அங்கிருந்து வெளிவந்த 'அபிதான சிந்தாமணி'யை மடியில் வைக்க முடியாது, அவ்வளவு கனம். ஒரு சொல்லைத் தேடிப் போய் அதற்குப் பக்கத்துச் சொல்லில் மாட்டிக்கொண்டு, அங்கிட்டிருந்து வேறொன்றுக்குத் தாவி, மத்தியானச் சாப்பாட்டை மறந்த நாளெல்லாம் உண்டு. ஜெராக்ஸுக்குக் காசில்லை, கையால்தான் பார்த்து எழுத வேண்டும். பார்த்து எழுதுகிறவனுக்கு ஒரு வரியும் தப்பாது. சாயங்காலம் வெளியே வந்தால் தள்ளுவண்டியில் பருத்திப்பால். சுக்கும் வெல்லமும் தொண்டையில் இறங்கும்போது அன்றைய அட்டைகளை எண்ணிப் பார்த்துக்கொள்வோம்.

கூட்டாளி ஒருவன் தாலாட்டும் ஒப்பாரியும் தலைப்பாக எடுத்திருந்தான். இரவல் டேப்ரெக்கார்டர். தாலாட்டுக்குப் பிரச்சினையில்லை, யார் வீட்டிலாவது தொட்டில் ஆடிக்கொண்டேதான் இருக்கும். ஒப்பாரிக்கு அப்பத்தாக்கள் மறுத்துவிட்டார்கள். "வாழ்ற வீட்டுக்குள்ள அதைப் பாடக் கூடாது ராசா." அப்புறம் அவர்களாகவே ஒரு வழி சொன்னார்கள். அவனியாபுரம் பக்கம் கண்மாய்க் கரை வரைக்கும் நடந்துபோய், வேலாமர நிழலில் உட்கார்ந்து பாடினார்கள். பாடப்பாட நிஜமாகவே அழுதார்கள். பதிவு செய்கிறவன் பொத்தானை அழுத்த மறந்து உட்கார்ந்திருக்கிறான். "பிடிச்சுட்டியா?" என்று மூக்கைச் சிந்திக்கொண்டே ஒரு அப்பத்தா கேட்கிறாள். திரும்பவும் முதலிலிருந்து.

அவன் அதை எழுத்தில் கொண்டுவரும்போது கொச்சையாக இருக்கிறதே என்று சொற்களைத் திருத்திவிட்டான். ஐயா ஒலிநாடாவைப் போட்டுக் கேட்டார். "அந்தம்மா இப்படியா பாடுச்சு?" மறுபடி எழுத வைத்தார். பின்னிணைப்பில் பாடியவர் பெயர், வயது, தெரு, நாள், கூட இருந்தவர்கள் எல்லாம் வர வேண்டும். நா. வானமாமலை தொகுத்து 1964இல் வந்த 'தமிழர் நாட்டுப்பாடல்கள்' நூலைக் காட்டினார். அதில் பாட்டைச் சேகரித்தவர் பெயரும் இடமும் கூடவே அச்சாகியிருக்கும். ஏட்டுக்கு ஒரு நியாயம், வாய்க்கு ஒரு நியாயமா என்பது ஐயாவின் கேள்வி.

எழுதி முடித்தால் தட்டச்சு நிலையம். அங்கே இருந்த அண்ணாச்சிக்கு எங்களைவிட ஒற்று நன்றாகத் தெரியும். "தம்பி, இங்க 'ப்' விட்டுப்போச்சு, போடவா?" கார்பன் வைத்து அடித்த கடைசிப் படி மங்கலாக இருக்கும், அதுதான் நமக்கு. 'மேலது, ப. 45' என்று வரிசையாக அடிக்குறிப்பு விழும்போது அவருக்கும் அலுக்கும். பிறகு கறுப்பு ரெக்சின், தங்க எழுத்து, வாய்மொழித் தேர்வு, காராபூந்தி, டீ.

இப்போது மச்சினர் மகள் ஆய்வு செய்கிறாள். புறநானூற்றுப் பழம்பதிப்பு அவள் போனில் இருக்கிறது. நத்தம் ரோட்டில் 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் குளுகுளு அறையில் உட்கார்ந்து படிக்கிறாள். பொறாமையாகக்கூட இருக்கிறது, இந்த வசதிக்குத்தானே அன்றைக்கு நாங்கள் ஏங்கினோம். போன மாதம் ஓர் இயலை எழுதி, மற்றவர் எழுத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கும் மென்பொருளில் போட்டுப் பார்த்தாள். யு.ஜி.சி.யின் 2018 விதிப்படி பத்து சதவீதம் வரை ஒத்துப்போனால் தண்டனை கிடையாது. "பத்துக்குள்ள வந்துருச்சு மாமா!" நல்லது என்றேன். எந்தப் பதிப்பு என்று கேட்டேன். "பி.டி.எஃப். மாமா" என்றாள். முன்னுரைப் பக்கங்களை அவள் இறக்கவே இல்லை. ஐயா இருந்திருந்தால் கண்ணாடியைக் கழற்றியிருப்பார்.

கண்மாய்க் கரைப் பக்கமெல்லாம் இன்றைக்கு வீடுகள். பாடிய அப்பத்தாக்களில் ஒருவரும் இல்லை. எம்.ஃபில். படிப்பும் இல்லை, 2022 விதிகளோடு யு.ஜி.சி. அதை எடுத்துவிட்டது. முனைவர் பட்ட ஆய்வேடுகளுக்காவது ஷோத்கங்கா என்று ஓர் இணையக் களஞ்சியம் உண்டு. எம்.ஃபில். ஏடுகளில் பெரும்பாலானவை அங்கே ஏறவில்லை. பல்கலைக்கழகத்தில் ஒரு படி, நெறியாளரிடம் ஒன்று, மங்கலானது நம் வீட்டுப் பரணில்.

உங்கள் பரணிலும் ஒன்று கிடக்கும். எடைக்குப் போட்டுவிடாதீர்கள். ஆய்வுரை கிடக்கட்டும், பின்னிணைப்பை முதலில் ஸ்கேன் செய்து நாலு பேருக்கு அனுப்புங்கள். பாடியவர்களின் பெயர்கள் அதில்தான் இருக்கின்றன.