ஐந்தாண்டுக் கெடு

துபாயில் எங்கள் பள்ளியின் ஆசிரியர் அறையில் தேநீர் நேரத்துப் பேச்சு சம்பளத்தில் தொடங்கி சர்டிஃபிகேட்டில் வந்து நிற்கும். இங்கிலாந்துக்காரர் ஆசிரியர் தகுதியை ஒருமுறை வாங்கியதோடு சரி, அதற்குக் காலாவதி கிடையாது. கனடாவில் இருந்து வந்த யாழ்ப்பாணத்து அக்கா ஒன்ராறியோ ஆசிரியர் பதிவுக்கு வருடாவருடம் பணம் கட்டுகிறார். மதுரையில் படித்த கணக்கு சாருக்கு பி.எட். ஆயுளுக்கும் பி.எட்.தான். ஆசிரியர் தகுதித் தேர்வான டெட் தேர்ச்சிக்கு முன்பு ஏழு ஆண்டுக் கெடு இருந்தது. 2021இல் அதையும் ஆயுள் முழுக்கச் செல்லும் என்று மாற்றிவிட்டார்கள். நடுவே அகப்பட்டுக்கொண்டவள் நான். என்னுடையது டெக்சஸ் மாநிலச் சான்றிதழ்.

அங்கே ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். வகுப்பாசிரியர் என்றால் அதற்குள் 150 மணி நேரம் பயிற்சி முடித்திருக்க வேண்டும். 1999 செப்டம்பருக்கு முன் சான்றிதழ் வாங்கியவர்களுக்கு ஆயுள் சலுகை உண்டு. கொடுத்து வைத்தவர்கள்.

ஹூஸ்டனில் வேலை பார்த்தவரை இந்த 150 மணி நேரம் ஒரு பொருட்டே இல்லை. ஆகஸ்டில் பள்ளி திறக்கும் முன் நடக்கும் பயிற்சி நாட்களிலேயே பாதிக் கிணறு தாண்டிவிடலாம். இங்கே ஒவ்வொரு மணியையும் நானே தேட வேண்டும். ஹூஸ்டனில் மாலை நான்கு மணிக்கு நடக்கும் இணையப் பயிற்சி, குளிர்காலத்தில் எனக்கு அதிகாலை இரண்டு மணி. கேமராவை அணைத்துவிட்டுப் போர்வைக்குள் இருந்தபடி கேட்டிருக்கிறேன். மறுநாள் முதல் பீரியடில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள், "மிஸ், உங்களுக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்பார்கள்.

புதுப்பிக்கும்போது எல்லாக் காகிதத்தையும் அனுப்பத் தேவையில்லை. முடித்துவிட்டேன் என்று இணையத்தில் உறுதி சொன்னால் போதும். ஆனால் தணிக்கை என்று கூப்பிட்டால் ஆதாரம் கையில் இருக்க வேண்டும். அதற்காக ஒரு நீலக் கோப்பு வைத்திருக்கிறேன். எங்கள் பள்ளி நடத்திய வாசிப்புப் பட்டறைக்கு ஓரத்தில் தங்க நிறப் பூவேலை செய்த சான்றிதழ் தந்தார்கள். அதில் என் பெயர் இருந்தது, முதல்வரின் கையெழுத்து இருந்தது, எத்தனை மணி நேரம் என்பது மட்டும் இல்லை. ஒருங்கிணைப்பாளரிடம் கேட்டு மறுபடி அடித்து வாங்கினேன். "இது எதுக்கு உங்களுக்கு?" என்றார். பெற்றோருக்குக் கொடுக்கும் விளம்பரப் புத்தகத்தில் 'அமெரிக்க உரிமம் பெற்ற ஆசிரியர்கள்' என்று கொட்டை எழுத்தில் போடும் பள்ளி, அந்த உரிமத்தை உயிரோடு வைத்திருக்க ஒரு திர்ஹம் தருவதில்லை.

பட்டத்துக்கு இந்தத் தொல்லை இல்லை. நோட்டரி, மாநிலச் செயலர், வாஷிங்டனில் வெளியுறவுத் துறை, அமீரகத் தூதரகம், கடைசியில் இங்குள்ள வெளியுறவு அமைச்சகம் என்று முத்திரை மேல் முத்திரை வாங்கிய அலைச்சல் ஒருமுறையோடு முடிந்துவிட்டது.

பிறகு ஏன் இந்த மல்லுக்கட்டு? இங்கே என் விசா பள்ளியைச் சேர்ந்தது. குடியிருக்கும் வீடும் அவர்கள் கொடுத்ததுதான். ஒப்பந்தத்தை நீட்டிக்கவில்லை என்றால் எல்லாம் கைவிட்டுப் போகும். உரிமம் என் பெயரில் இருக்கிறது, யாரும் திருப்பிக் கேட்க முடியாது. வேறு நாட்டுப் பள்ளிக்கு விண்ணப்பித்தாலும், செல்லுபடியாகும் தேதியைத்தான் முதலில் பார்க்கிறார்கள்.

பக்கத்து வகுப்புத் தோழி தன்னுடையதைப் புதுப்பிக்காமல் விட்டுவிட்டாள். "கோயம்புத்தூர்ல வீடு கட்டியாச்சு. திரும்பி டெக்சஸுக்கு எதுக்குடி போகப் போறேன்?" என்பாள். அவள் சொல்வதும் நியாயம்தான். விட்டுவிட்டால் சான்றிதழ் ரத்தாவதும் இல்லை, செயலற்ற நிலைக்குத்தான் போகும். விட்ட மணி நேரத்தை முடித்துக் கட்டணம் கட்டினால் மறுபடி எழுப்பிக்கொள்ளலாம்.

எனக்கு அந்த வசதி இல்லை. கெடு முடியும் வருடம்தான் மகள் ஹூஸ்டனில் கல்லூரி சேரப் போகிறாள். கூடவே போய் அங்கே வேலைக்குச் சேர வேண்டியிருக்கலாம். பல்கலைக்கழகப் பாடத்தில் ஒரு கிரெடிட்டுக்கு 15 மணி நேரம் கணக்கு. இந்தக் கோடை விடுமுறைக்கு இணையவழியில் மூன்று கிரெடிட் பாடம் ஒன்றுக்குப் பணம் கட்டியிருக்கிறேன். ஊருக்கு டிக்கெட் போடவில்லை.