பேரேடும் நாணயமும்

வரிக் கணக்கு எழுதும் தொழிலில் நுழைவது எப்படி என்று பட்டம் பெற்ற பிள்ளைகள் பலர் என்னிடம் வினவுகின்றனர். விதியைக் கூறுவது எளிது. வணிகவியல், சட்டம், வங்கியியல் முதலியவற்றில் பட்டம் பெற்றவர் ஜி.எஸ்.டி. பிராக்டிஷனராகப் பதிவு செய்துகொள்ளலாம். ஆயினும், பதிவுச் சான்றிதழைக் கண்ட மாத்திரத்தில் எந்த வணிகரும் தம் பேரேட்டை நம்மிடம் ஒப்படைத்துவிடுவதில்லை.

நான் 2003ஆம் ஆண்டு சென்னை மண்ணடியில் விற்பனை வரி ஆலோசகர் ஒருவரிடம் உதவியாளனாகச் சேர்ந்தேன். முதல் ஆறு மாதம் சட்டப் புத்தகம் என் கைக்கு வரவில்லை. கடைதோறும் சென்று பில் கட்டுகளை வாங்கி வருவதும், தேதிவாரியாக அடுக்குவதும், கூட்டலைச் சரிபார்ப்பதுமே என் பணி. திரும்பி வந்த சரக்கை எந்த ஏட்டில் எழுதுவது, கடனுக்கு விற்றதை எவ்வாறு காட்டுவது என்பனவற்றை அக்கட்டுகளே எனக்குக் கற்பித்தன.

அப்போது நடப்பிலிருந்தது 1959ஆம் ஆண்டின் பொது விற்பனை வரிச் சட்டம். 2007 ஜனவரி 1இல் மதிப்புக் கூட்டு வரி வந்தது. 2017 ஜூலை 1இல் ஜி.எஸ்.டி. வந்தது. கணினி பழகாத மூத்தவர்கள் சிலர் அவ்வாண்டு தொழிலைவிட்டு ஒதுங்கினர். அவர்களுடைய வணிகர்கள் புதியவர்களைத் தேடினர். நான் தனியே அலுவலகம் திறந்ததும் அப்போதுதான்.

எனக்கு வாய்த்தவர்கள் நால்வர். அவர்களுள் பெரிய வணிகர் ஒருநாள், "சரக்கு வராமலே பில் மட்டும் வாங்கித் தருகிறேன், தம்பி, கொள்முதல் வரியைக் கழித்துக் காட்டிவிடு. ஊரில் எல்லாரும் செய்வதுதானே!" என்றார். சரக்கைப் பெற்றிருந்தால்தான் அவ்வரியைக் கழிக்கலாம் என்பது சட்டம். "அது என்னால் இயலாது, காக்கா" என்றேன். மறுநாளே தம் கோப்புகளை எடுத்துக்கொண்டார். என் வருவாயில் பாதி அவருடன் போயிற்று. செய்தியறிந்த உம்மா ஒன்றும் கேட்கவில்லை. தம் காப்பு ஒன்றை விற்றுப் பேரனின் பள்ளிக் கட்டணத்தைக் கட்டினார்கள்.

ரிட்டர்னை நாம் தாக்கல் செய்தாலும், அதிலுள்ள விவரங்களின் உண்மைக்கு வணிகரே பொறுப்பு என்கிறது சட்டம். நாம் எழுதும் பொய் அவர் தலையில்தான் விடியும். அவருடைய கடவுச்சொல் நம்மிடம் இருக்கிறது. அவருடைய இலாப நட்டம் அவர் வீட்டார் அறியுமுன் நமக்குத் தெரிகிறது. இவையெல்லாம் அமானிதம். தவறான வரவை எழுத மறுப்பதும் அந்த அமானிதத்தைக் காப்பதே.

ஆகவே, இளைஞர்களே! இரண்டு ஆண்டுகளேனும் ஒரு மூத்தவரிடம் பணி பழகுங்கள். மாதந்தோறும் தாக்கல் செய்யும் வணிகருக்கு 11ஆம் தேதி விற்பனை விவரத்துக்கும், 20ஆம் தேதி வரிக்கும் உரியவை. ஒருநாள் தவறினாலும் தாமதக் கட்டணம் உண்டு. சிறு கடைக்காரரின் கணக்கையும் அதே கவனத்துடன் எழுதுங்கள். உங்கள் கூலியை முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

இத்தொழிலுக்கு முதல் தேவையில்லை என்பார்கள். நம்பிவிடாதீர்கள். ஆறு மாத வாடகையையும் வீட்டுச் செலவையும் கையில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள். "இயலாது" என்று சொல்ல வேண்டிய நாளில் அப்பணம்தான் உங்கள் நாவுக்குத் துணிவு தரும்.