தூண்டிலும் சிறுவரும்

தூண்டில் பிடிக்கும் சிறுவனைச் சோம்பேறியென்று ஏசுவது நம் தோட்டத்து வழக்கம். யானும் அவ்வாறு ஏசப்பட்டவனே.

கோலசிலாங்கூர் மாவட்டத்துப் பத்தாங் பெர்ஜுந்தை 2007இல் பெஸ்தாரி ஜெயா எனப் பெயர் மாறிற்று. அதற்குப் பல்லாண்டு முன்பு, அங்குள்ள ஈயக்குட்டையொன்றில், என் பத்தாம் வயதில் பெரிய விரால் ஒன்றைப் பிடித்தேன். செந்நிறக் குஞ்சுகள் நீர்மேல் திரண்டிருக்க, அவற்றின் அடியில் காவல் நின்ற மீன் அது. அதனைக் கரையேற்றியதும் பிற மீன்கள் பாய்ந்து குஞ்சுகளை விழுங்கின. அன்றிரவு மீன்குழம்பு எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை.

ஆதலின் பெற்றோர்களே, ஏசாதீர்கள், கற்பியுங்கள். சிறுவனுக்கு விலையுயர்ந்த கருவி வேண்டுவதில்லை. எட்டடி மூங்கிற்கழி, மெல்லிய நைலான் நரம்பு, தக்கை, மண்புழு, சிறு முள் ஆகியவை போதும். திலாப்பியாவின் சிறு வாய்க்குப் பெரிய முள் பயன்படாது. ஈயக்குட்டையின் கரை திடீரென ஆழத்தில் இறங்குவது. கழி நீளமாயிருப்பின் பிள்ளை விளிம்பைவிட்டு விலகி நிற்கலாம். ஆயினும் தனியே அனுப்பாதீர்கள்; உடன் செல்லுங்கள். செங்குஞ்சுக் கூட்டத்தைக் கண்டால் தூண்டிலை எடுத்துவிடும்படி சொல்லுங்கள்.

அதனைச் சொல்ல அன்று எவரும் என்னுடன் குட்டைக்கரைக்கு வரவில்லை, ஏசுவதற்கே வந்தார்கள்.