தோற்றவரின் வழக்குரை

வழக்கறிஞர்களின் தன்வரலாறுகள் பெரும்பாலும் வென்ற வழக்குகளின் வரிசையாகவே அமைந்துவிடுகின்றன. எதிர்தரப்பில் வாதாடிப் புகழ்பெற்றவர்கள், தூக்குக் கயிற்றிலிருந்து தாம் மீட்ட உயிர்களை எண்ணிக் காட்டுகிறார்கள். நீதிபதிகள் ஓய்வுக்குப் பின் தம் தீர்ப்புகளை அசைபோடுகிறார்கள். அரசுத் தரப்பில் நின்று, உலகமே பார்த்திருக்கத் தோற்றுப்போன ஒருவர் அந்தத் தோல்வியை எழுதினால் எப்படியிருக்கும்? கிறிஸ்டோபர் டார்டன் 1996இல் வெளியிட்ட 'இன் கன்டெம்ப்ட்' அத்தகைய நூல். நீதிமன்ற அவமதிப்பு, மனிதர்மீதான இகழ்ச்சி என்னும் இரு பொருளும் அத்தலைப்பில் அடங்கியுள்ளன.

வழக்கு நினைவிருக்கும். 1994 ஜூன் 12 அன்று லாஸ் ஏஞ்சல்ஸில் நிக்கோல் பிரவுனும் ரான் கோல்ட்மனும் கொல்லப்பட்டனர். குற்றம் சாட்டப்பட்டவர் நிக்கோலின் முன்னாள் கணவரும் கால்பந்தாட்ட நட்சத்திரமுமான ஓ. ஜே. சிம்சன். கோல்ட்மன் ஓர் உணவகப் பணியாளர். நிக்கோலின் தாய் அங்கு மறந்து விட்டுச்சென்ற மூக்குக்கண்ணாடியைத் திருப்பித் தரவந்தவர் அவர். மாதக்கணக்கில் தொலைக்காட்சியில் நேரடியாக ஒளிபரப்பான விசாரணையின் இறுதியில், நடுவர் குழு நான்கு மணி நேரத்திற்கும் குறைவாகவே கலந்துபேசி, 1995 அக்டோபர் 3 அன்று சிம்சனை விடுவித்தது.

மன்றத்தில் சிம்சனிடம் தோல் கையுறையை அணிந்து காட்டச் சொன்னவர் டார்டன்தான். இரத்தத்தில் நனைந்து உலர்ந்த கையுறை, உள்ளே மெல்லிய ரப்பர் உறை அணிந்திருந்த கையில் ஏற மறுத்தது. வழக்கின் பல நூறு மணி நேரத்தில் மக்கள் மனத்தில் தங்கியது அந்தச் சில நிமிடங்களே. டார்டன் கறுப்பினத்தவர். குற்றம் சாட்டப்பட்டவரும் கறுப்பினத்தவர். காவல்துறையின் இனவெறியைத் தலைமுறைகளாக அனுபவித்த மக்களின் கண்ணுக்கு அவர் எதிரணிக்கு விலைபோனவராகத் தெரிந்தார். துறைமுகமும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் சூழ்ந்த ரிச்மண்டில் பிறந்தவர் அவர். திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் மணலிப் புகைபோக்கிகளைப் பார்த்தபடி வாழ்வோருக்கு அத்தகைய ஊரை விளக்க வேண்டியதில்லை.

இந்த நூலை வாசித்து முடித்ததும், நம் பக்கம் இப்படி ஒன்று ஏன் எழுதப்படவில்லை என்ற கேள்வி எழுந்தது. பரபரப்பான வழக்குகளுக்கு நம்மிடம் பஞ்சமில்லை. 1952 ஆகஸ்டில் இராயபுரம் கடற்கரையில் ஒரு தலை ஒதுங்கியது. போட் மெயில் ரயிலில் கிடந்த டிரங்குப் பெட்டியில் இருந்த உடல் மானாமதுரையில் கண்டெடுக்கப்பட்டது. இரண்டும் பேனா வணிகர் ஆளவந்தாருடையவை என மருத்துவ அறிவியல் பொருத்திக் காட்டியது. தடயவியல் வரலாற்றில் அரசுத் தரப்புக்கு அது பெருமைக்குரிய வழக்கு. ஆனால் மன்றத்தில் இறந்தவரின் நடத்தையே விசாரணைக்கு வந்தது. பிரபாகர மேனனுக்கு 7 ஆண்டு, தேவகிக்கு 3 ஆண்டு எனத் தண்டனை அமைந்தது. இதை வெற்றி என்பதா, தோல்வி என்பதா? பதில் சொல்லத் தகுதியுடையவர் அன்று அரசுக்காக நின்றவர்தான். நமக்கு மிஞ்சியதோ டிரங்குப் பெட்டியும் கடலலையும் மட்டும்.

அதற்கு முந்தைய லட்சுமிகாந்தன் வழக்கு இன்னும் தெளிவான சான்று. 1944 நவம்பர் 8 அன்று கத்தியால் குத்தப்பட்டு மறுநாள் இறந்த அந்த மஞ்சள் பத்திரிகையாளருக்காக எவரும் கண்ணீர் சிந்தவில்லை. எம். கே. தியாகராஜ பாகவதரும் என். எஸ். கிருஷ்ணனும் 1945இல் ஆயுள் தண்டனை பெற்றார்கள். லண்டன் பிரிவி கவுன்சில் வழக்கைத் திருப்பி அனுப்ப, 1947இல் உயர்நீதிமன்றம் இருவரையும் விடுவித்தது. பிராட்வே அரங்கில் மூன்று தீபாவளி கண்ட 'ஹரிதாஸ்', சிறையில் கழிந்த ஆண்டுகள், பாகவதரின் வீழ்ச்சி எனப் பல நூறு பக்கங்கள் எழுதப்பட்டுவிட்டன. குற்றமற்றவர்களாக விடுவிக்கப்பட்டவர்களின் துயரைப் பேசியது நியாயமே. ஆனால், அவர்கள் இல்லையெனில் கொன்றது யார்? அக்கேள்வியைத் தோளில் சுமக்க வேண்டிய அரசுத் தரப்பின் குரல் நம் நினைவில் பதியவே இல்லை. கொலையுண்டவர் கெட்டவர் என்றால் கொலைக்கு விடை தேவையில்லை என்று நாம் அனைவரும் பேசாமலே ஒப்புக்கொண்டோம் போலும்.

இது வெறும் இலக்கியக் குறை அன்று. சில ஆண்டுகளுக்கு முன், கடலோரக் குப்பம் ஒன்றிலிருந்து வந்து படித்த மாணவி ஒருத்தி, ஒரு தீர்ப்பு நகலை நம்மிடம் கொண்டுவந்தாள். அவளுடைய அண்ணன் கொல்லப்பட்ட வழக்கு அது. எல்லோரும் விடுதலை. அறுபது பக்க ஆங்கிலம். உட்கார்ந்து தமிழில் சொல்லிக்கொண்டே போனோம். சாட்சிகள் ஒவ்வொருவராகப் பிறழ்சாட்சி ஆனதும், ஆயுதத்தைக் கைப்பற்றியதில் இருந்த முரண்பாடும், இறுதியில் சந்தேகத்தின் பலன் எதிரிகளுக்கு அளிக்கப்பட்டதும் வரிசையாக வந்தன. அவள் அழவில்லை. "எங்க பக்கம் பேசுனவரு யாருங்கய்யா?" என்று மட்டும் கேட்டாள். பெயர் முதல் பக்கத்திலேயே இருந்தது. அவரோடு அவள் வீட்டார் ஒரு முறைகூடப் பேசியதில்லை. "எங்க பக்கம்" என்று அவள் சொன்னதிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. அரசு வழக்கறிஞர் குடும்பத்தின் வழக்கறிஞர் அல்லர். அவர் அரசின் வழக்கறிஞர். அதை அவளுக்கு விளக்குவது தீர்ப்பை விளக்குவதைவிடக் கடினமாக இருந்தது.

அரசு வழக்கறிஞரின் கடமை எப்பாடுபட்டேனும் தண்டனை வாங்கித் தருவதன்று, உண்மையை மன்றத்தின்முன் வைப்பதே என்று நம் நீதிமன்றங்கள் பலமுறை கூறியுள்ளன. அப்படியானால் அவருக்குத் தோல்வி என்று ஒன்று இல்லை. தோல்வி இல்லாதவர் அதைப் பற்றி என்ன எழுதுவார்? அரசு மாறினால் அவர் பதவியும் மாறுகிறது. கோப்பு அடுத்தவர் கைக்குப் போகிறது. விடுதலையை எதிர்த்து மேல்முறையீடு செய்யும் உரிமையைப் பாதிக்கப்பட்டோருக்கு 2009ஆம் ஆண்டுத் திருத்தம் அளித்தது; புதிய நடைமுறைச் சட்டத்திலும் அது தொடர்கிறது. ஆனால் எங்கே, எதனால் வழக்கு உடைந்தது என்று தெரியாத குடும்பம் அந்த உரிமையை வைத்துக்கொண்டு என்ன செய்யும்?

இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையை ஆண்டுதோறும் நடத்துபவர்களுக்கு அது எளிதில் விளங்கும். கண்ணகி பாண்டியன் அவைக்கு வந்தது விசாரணையின்றி வழங்கப்பட்ட தண்டனையை எதிர்த்து. ஐயத்தின் பலனைக் கோவலனுக்கு எவரும் தரவில்லை. எனவே விடுதலை என்பது நீதியின் பழுது அன்று. பல வேளைகளில் அதுவே நீதி. மன்றம் விடுவித்த மனிதரைத் தோற்றவர் தம் நூலில் மீண்டும் தண்டிக்கலாமா? டார்டன் தம் உறுதியை ஒளிக்கவில்லை. நூல் வலுவிழப்பது அந்த இடங்களில்தான் என்பது நம் எண்ணம். சிம்சன் 2024இல் இறந்துவிட்டார். உரிமையியல் நீதிமன்றம் 1997இல் அவரையே பொறுப்பாக்கியது. இருந்தும் குற்றவியல் தீர்ப்பு தீர்ப்பாகவே நிற்கிறது.

நூல் வலுப்பெறும் இடங்கள் வேறு. எந்தச் சாட்சியை எப்படிக் கையாண்டோம், எந்த நொடியில் மன்றத்தின் காற்று மாறியது, தம் மக்களின் நியாயமான கோபத்துக்கும் இறந்த இருவருக்கும் நடுவில் நின்றபோது மனம் என்ன பாடுபட்டது என்று அவர் கணக்குக் காட்டும் பக்கங்கள் அவை. எதிரியைக் குற்றம் சாட்டாமலே இதையெல்லாம் எழுத முடியும். நமக்கு வேண்டியது அத்தகைய நூல். தண்டனை வாங்கித் தர முடியாத அரசு, இறந்தவரின் வீட்டாருக்குக் குறைந்தது ஒரு விளக்கமேனும் கடன்பட்டிருக்கிறது. தலைவனை இழந்த புலவர் செய்வதறியாது பாடுவதைக் கையறுநிலை என்று இலக்கணம் வகுத்து, அதற்கொரு துறையே ஒதுக்கியது நம் மரபு. கைவிட்டுப்போன வழக்கைப் பாடவும் அதில் இடமிருக்கும்.

தீர்ப்பு வந்த அன்று செய்தியாளர்முன் பேச எழுந்த டார்டனால் பேச்சை முடிக்க இயலவில்லை. தொண்டை அடைக்க, பாதியில் நிறுத்தி விலகிவிட்டார். மறு ஆண்டு வெளிவந்த நூலை அந்த மீதி வாக்கியம் என்றே நாம் கொள்கிறோம். நம் ஊர் மன்றங்களில் எத்தனை வாக்கியங்கள் அப்படிப் பாதியில் நிற்கின்றனவோ!